காத்திப்பைத் தாண்டி ஐந்து நிமிடம்

கேள்வி: மேடம், எனக்கு 43 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் நான்கறை வீடு, தஞ்சோங் பகாரில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், தொடக்கநிலை மூன்றிலும் ஆறிலும் படிக்கும் இரண்டு பையன்கள். ஒரு வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. படுத்தால் நாளைய வேலைதான் மனதில் ஓடுகிறது. தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாகத் தினமும் இருபது நிமிடம் தியானம் செய்கிறேன். இரவு பதினொன்றரைக்குப் படுப்பவள், ஐந்தரைக்கு எழுந்துகொண்டிருந்ததை விட்டு, இப்போது நான்கு மணிக்கே எழுந்துவிடுகிறேன். மூச்சை 16 எண்ணும்வரை இழுத்து, 64 எண்ணும்வரை அடக்கி, 32 எண்ணும்வரை விட வேண்டுமாம். எனக்கு 20ஐத் தாண்டினாலே நெஞ்சு அடைக்கிறது. மனம் ஒரு நிமிடம் நிற்பதில்லை, நின்றால் தூக்கம் வந்துவிடுகிறது. (போன புதன்கிழமை சின்னவன் பள்ளிச் சட்டையில் மைலோவைக் கொட்டிவிட்டான். அன்றைக்கு ஏனோ கத்தவில்லை.) எனக்குத் தியானம் வராதா? இதனால் உண்மையில் என்ன பலன், எத்தனை நாளில் தெரியும்? பலன் கிடைத்தால் மாத்திரையை நிறுத்தலாமா? தீட்சை வாங்காமல் செய்யக்கூடாது என்கிறாரே மாமியார், அது சரியா?

பதில்:

அன்புள்ள ஈசூன் வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கேள்விகளுக்காக. இரண்டாம் தடவை, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நீங்கள் கடந்துபோன அந்த மைலோ சமாசாரத்துக்காக. பிறகு அதற்கு வருகிறேன். உடனே நிறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சை அடக்காதீர்கள்.

அந்த 16, 64, 32 யாரோ கிளப்பிவிட்ட கணக்கில்லை. பூரகம், கும்பகம், ரேசகம் என்று திருமூலர் சொல்லிவைத்த அளவுதான். ஆனால் அது குருவின் பக்கத்தில் இருந்து, படிப்படியாக, வருடக்கணக்கில் ஏற வேண்டிய படி. அதைப் போய் முதல் பாடமாக அனுப்பியிருக்கிறார்கள். அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவரிடம் கல்யாணச் சமையலை ஒப்படைத்த மாதிரி இருக்கிறது. அதிலும் ரத்தக் கொதிப்பு இருப்பவர் ஆசிரியர் இல்லாமல் இப்படி மூச்சை அடக்கிப் பழகுவது நல்லதே இல்லை. தியானம் செய்வதற்கு மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். மூச்சை அடக்காத நேரத்திலும், படி ஏறும்போதோ ரயிலுக்கு ஓடும்போதோ, நெஞ்சு அடைக்கிறதா? அப்படியென்றால் என் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், நான் மனநல ஆலோசகர் மட்டும்தான், மருத்துவர் இல்லை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை வாங்கும் பலதுறை மருந்தகத்திலேயே பார்க்கலாம். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது வியர்த்துக் கொட்டினால், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அடுத்தது உங்கள் அலாரம். நான்கு மணி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் முன்னால் முடிகிறது. தமிழ்நாட்டில் ஆறு மணி வாக்கில் விடியும், அதனால் அங்கே நாலரை மணி. காணொளிக்காரர் அதற்கும் அரை மணி நேரம் முன்னால் எழுப்பிவிட்டார். நமக்கோ வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சிங்கப்பூரில் பிரம்ம முகூர்த்தம் ஏறத்தாழ 5.24 முதல் 6.12 வரை. அதாவது பிள்ளைகளுக்காக நீங்கள் முன்பு எழுந்துகொண்டிருந்த அதே ஐந்தரை! சாஸ்திரப்படி பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தைத் தினமும் வீணாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

சாஸ்திரத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தாலும் அதேதான். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நீங்கள் முன்பே ஆறு மணி நேரம்தான் தூங்கினீர்கள், இப்போது நாலரை. அவ்வளவு குறைவாகத் தூங்கியவர் இருட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்காமல் வேறென்ன செய்வார்? உடம்பு கடனை வசூலிக்கிறது. தூக்கம் குறைந்தால் எரிச்சலும் கூடும். எரிச்சலைக் குறைக்கத் தியானம், தியானத்துக்காகத் தூக்கத்தைக் குறைத்து மறுபடி எரிச்சல் என்று சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இன்றிரவே அலாரத்தை ஐந்தரைக்கு மாற்றுங்கள். முடிந்தால் படுக்கும் நேரத்தையும் பதினொன்றுக்கு இழுத்துவாருங்கள்.

நானும் தூங்கியவள்தான். பயிற்சிக் காலத்தில் எட்டு வார வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரமும் கண்ணை மூடியதும் போய்விடுவேன். ஒருநாள் பக்கத்துப் பாயில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். குறட்டை விட்டிருக்கிறேன்.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம். மனம் நிற்பதில்லை, எனக்குத் தியானம் வராதா?

என்னிடம் வருகிற புதியவர்களில் இதைக் கேட்காதவர் அபூர்வம். மனம் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? 2010ல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், 2,250 பேரின் கைப்பேசிக்கு எதிர்பாராத நேரங்களில் செய்தி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 46.9 விழுக்காட்டுச் சமயங்களில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. நாம் விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி. அலைவது மனதின் இயல்பு. பாயில் உட்கார்ந்துவிட்டோம் என்பதற்காக அது குணத்தை மாற்றிக்கொள்ளுமா?

தியானத்தில் நடப்பது இவ்வளவுதான். மூச்சைக் கவனிக்கிறீர்கள். மனம் நழுவி அலுவலகத்துக்கோ பெரியவனின் இறுதித் தேர்வுக்கோ போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, அட, போய்விட்டேனே என்று தெரிகிறது. மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். அந்த 'அட' இருக்கிறதே, பயிற்சி அங்கேதான் நடக்கிறது. இருபது நிமிடத்தில் முப்பது முறை ஓடியது என்று சலித்துக்கொள்கிறீர்கள். ஓடியதை முப்பது முறை பிடித்திருக்கிறீர்கள் என்று நான் படிக்கிறேன்.

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், உங்கள் வேலையிலிருந்தே சொல்கிறேன். மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் அலுவலகக் கணக்கையும் ஒத்துப் பார்க்கிறீர்கள். நாற்பது காசு இடிக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள். உடனே 'ஐயோ, எனக்குக் கணக்கே வராது' என்று பேனாவைக் கீழே போடுவீர்களா? இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?

இப்போது மைலோ.

அந்தக் காலை எனக்குக் கண்ணில் தெரிகிறது. தேய்த்துப் போட்ட சட்டை, அதில் பழுப்பாகப் பரவும் கறை, கடிகாரத்தைப் பார்க்கும் நீங்கள், அம்மாவின் முகத்தைப் பார்க்கும் பையன். வழக்கமாக அந்த இடத்தில் என்ன நடக்கும்? தாடை இறுகும், காது சூடாகும், குரல் வெளியே வந்த பிறகுதான் கத்திவிட்டோம் என்றே தெரியும். அன்றைக்கு இறுக்கமும் சூடும் வந்திருக்கும், ஆனால் குரலுக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி கிடைத்திருக்கிறது. 'ஏனோ' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ காரணம் தெரிகிறது. மூன்று வாரமாக, மனம் நழுவும் நொடியைப் பிடித்துப் பிடித்துப் பழகியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் புதன்கிழமை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு புதன்கிழமையை வைத்து நான் தீர்ப்பு எழுதவில்லை. நாலரை மணி நேரத் தூக்கத்தில், கத்துவதற்குத் தெம்பில்லாமலும் இருந்திருக்கலாம்! ஆனால் பலனைத் தேட வேண்டிய இடம் அதுதான். ஜோதி தெரிந்ததா, உடம்பு லேசானதா என்று பாயில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலாளரின் மின்னஞ்சலுக்கு உடனே பதில் தட்டாமல் ஒரு வாய் காப்பி குடித்தீர்களா, மாமியார் சொன்ன ஒரு சொல்லை இரவுவரை தூக்கிச் சுமக்காமல் எட்டு மணிக்கே இறக்கிவைத்தீர்களா, அங்கே பாருங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். காணொளிகள் சொல்லும் அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. 47 மருத்துவப் பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு 2014ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. மனப்பதற்றம், மனச்சோர்வு, உடல் வலி மூன்றிலும் சிறிதளவு முன்னேற்றம் இருப்பதற்கு ஓரளவு நல்ல சான்று கிடைத்தது. தூக்கம், எடை, கவனக் குவிப்பு ஆகியவற்றுக்குப் போதிய சான்று இல்லை. உடற்பயிற்சியையோ மற்ற சிகிச்சைகளையோ விட தியானம் மேலானது என்பதற்கும் சான்று இல்லை. ஆக, மாலையில் ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், தியானத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

2022ல் வந்த இன்னொரு ஆய்வு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மனப்பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிட்டாலோப்ராம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை. மறு பாதிக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிவைத்த அதே முறை. இரண்டு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. இந்தச் செய்தியைப் பகிர்பவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பயிற்சியில் வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, அதுபோக வீட்டில் தினமும் 45 நிமிடம். நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஐந்து நிமிடம். அதே பலன் வரும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் தினமும் செய்யக்கூடிய ஐந்து நிமிடம், மூன்றாம் வாரத்தில் கைவிடப்போகும் இருபதை விட நல்லது என்பது என் அனுபவம்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில் சமரசமே கிடையாது. அமெரிக்க இதயச் சங்கம் 2017ல் இதை ஆராய்ந்தபோது, வழக்கமான சிகிச்சையோடு தியானத்தைச் சேர்த்துக்கொள்வதைப் பரிசீலிக்கலாம் என்றுதான் சொன்னது, அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. சில மாதங்களில் ரத்த அழுத்தம் இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார். அது அவர் கை.

தீட்சை பற்றி. மந்திர உபதேசம் பெற்றுச் செய்யும் வழிக்குத் தீட்சை உண்டு, அதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. மூச்சைக் கவனிப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். முருகா என்று சொல்லிக்கொண்டே மூச்சு விட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். இப்படி ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதே உடலைத் தளர்த்துகிறது என்பதை ஹார்வர்டில் ஹெர்பர்ட் பென்சன் 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார். மாமியாருக்கும் அது பிடிக்கும், வீட்டில் ஒரு வாதம் மிச்சம்.

எப்படிச் செய்வது? வீட்டில் ஐந்து பேர், காலையில் ஒரே அமளி, பாய் விரிக்க இடம் தேட வேண்டாம். உங்களுக்கென்று ஒரு தியான அறையை நம் ரயில் பாதையிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். தினமும் அதற்குள்தான் போய்வருகிறீர்கள். ஈசூனில் ஏறுகிறீர்கள், அடுத்து காத்திப். அதற்கடுத்த இயோ சூ காங் வரைக்கும் நடுவில் நிலையமே கிடையாது, நீண்ட ஓட்டம். ஏறத்தாழ ஐந்து நிமிடம். காத்திப்பில் கதவு மூடும் சத்தம்தான் உங்கள் தொடக்க மணி.

கைப்பேசி பைக்குள் போகட்டும். உட்கார இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு போனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே, தரையில் ஓரிடத்தைப் பாருங்கள். முதலில் இரண்டு பாதங்களும் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். ரயிலின் அதிர்வு குதிகால் வழியாக ஏறும், அதுவும் தெரியட்டும். பிறகு மூச்சு. முதல் ஆறு மூச்சு மட்டும், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, ஆறு சுற்றுக்கு ஒரு நிமிடம். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம், இது அதில் பாதி அல்லது அதற்கும் கீழே. வெளிமூச்சை ஏன் நீட்டச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமா? வீட்டில் ஓய்வாக இருக்கும்போது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது சற்றுத் தளரும். எல்லாருக்கும் விரல் நுனியில் தெரியாது, தெரிந்தவர்கள் வியந்துபோவார்கள். வெளிமூச்சு நீளும்போது உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வும் நீள்கிறது. எண்ணுவது சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்கள், மூச்சு முட்டும்படி எதுவும் வேண்டாம்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு மூச்சை அதன் போக்கில் விடுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், பத்துவரை, மறுபடி ஒன்று. ஏழில் இருக்கும்போது மதிய உணவுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சில நாள் பதினாறில் போய் நிற்பீர்கள், எனக்கு நடந்திருக்கிறது. தெரிந்ததும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம், அதற்கு நேரமும் இல்லை, இயோ சூ காங் வந்துவிடும்.

சனி, ஞாயிறு ரயில் பயணம் இல்லை. சமையலறை முக்காலி போதும், காலையில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு உட்காரலாம். அந்த நேரத்தில் உங்கள் புளோக்கிலும் குயில் கத்தும் என்று நினைக்கிறேன். ஊரில் குயிலுக்குக் கவிதை எழுதுகிறோம், இங்கே நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறோம்! எனக்கும் அதன்மேல் பல மாதம் கோபம் இருந்தது. பிறகு ஒருநாள் மூச்சை விட்டுவிட்டு, அந்தச் சத்தத்தையே கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கூவலும் முந்தியதை விடக் கொஞ்சம் மேலே ஏறும், உச்சியில் சட்டென்று நிற்கும். அடுத்தது எப்போது என்று காதை வைத்துக் காத்திருந்தேன். கோபப்பட நேரமில்லை. சத்தம் இருந்தால் தியானம் கெடும் என்பதெல்லாம் இல்லை, சத்தத்தை வைத்தும் செய்யலாம்.

எத்தனை நாள் என்றால், எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுகள் பெரும்பாலும் அந்த அளவில்தான் பார்க்கின்றன. பழக்கமாக ஒட்டிக்கொள்ள எவ்வளவு ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். லண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில் சராசரி 66 நாள் என்று வந்தது, ஆனால் 18 நாளில் பழகியவர்களும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டவர்களும் உண்டு. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நட்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இரவில் ஒரே ஒரு வரி குறித்துவையுங்கள், இன்று எந்த இடத்தில் கத்தாமல் நின்றேன் என்று. எதுவும் இல்லாத நாளில் ஒரு கோடு போடுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய காயங்கள் மேலே வரும், பதற்றம் கூடும், அழுகை வரும். அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், அன்றைக்கு அது போதும். மனம் சோர்ந்தே இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். உயிர்மேலேயே வெறுப்பு வந்தால், தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் இதைப் படிக்கும் இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

எட்டு வாரம் கழித்து எழுதுங்கள். தியானம் எப்படிப் போகிறது என்பதைவிட, சின்னவன் அப்புறம் என்னென்ன கொட்டினான் என்று எழுதுங்கள்.